எந்தத் தோள் என்று யாரும் கேட்கவில்லை

என் கணவன் டெல்லுக்கு எந்தக் கைப் பழக்கம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வலது கை என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கலாமே என்று அதற்குப் பிறகு நாலு மாதம் நான் நொந்துகொண்டேன்.

சொன்னது பொய்யும் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அவனுக்குத் தட்டில் சாப்பாடு வைக்கிறவள் நான். அவன் கரண்டி பிடிப்பது, கையெழுத்துப் போடுவது, சுத்தியல் பிடிப்பது, வாசல் பனியை வாரித் தள்ளுவது எல்லாம் வலது கையால்தான். ஜூன் மாதம் சாலையோரப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தவன் டிராக்டரிலேயே சாய்ந்துவிட்டான். நிமிடத்துக்கு இருபத்தெட்டு தடவைதான் இதயம் துடிக்கிறது என்றார்கள். உடனே பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். புழங்காத பக்கத்தில் வைப்பது வழக்கமாம். அதற்காகத்தான் கையைக் கேட்டிருக்கிறார்கள். இடது தோளெலும்புக்குக் கீழே சின்னப் பெட்டியை வைத்துத் தைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் வந்தார். எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்துக்குப் புதியவர், சின்ன வயசு. "துப்பாக்கி சுடுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். மான் வேட்டைக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடும் ஊரில் இதைக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"உண்டு," என்றான் டெல்.

"வலது தோள்தானே?"

டெல் போர்வை நுனியை நீவிவிட்டான். "இடது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப அந்தத் தோள்ல இனிமே துப்பாக்கிக் கட்டைய வைக்கவே கூடாதுங்க. அது உதைக்கிற உதையில உள்ள இருக்கிற ஒயர் நகந்துடும். வலது தோள்ல வச்சு என்ன வேணா சுடுங்க, தடையில்ல."

"இவன் வலது கைக்காரன்தானே!" என்று நான் கத்தினேன்.

"கண்ணு இடது," என்றான் டெல். அவ்வளவுதான் சொன்னான்.

குறி பார்ப்பது கண். கண் எந்தப் பக்கமோ, துப்பாக்கியும் அந்தப் பக்கத் தோளுக்குத்தான் போகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் அவனோடு வேட்டைக்குப் போனதில்லை. அவனுடைய துப்பாக்கிக் கிளப்பின் வாசலைக்கூட மிதித்ததில்லை. மான் எனக்கு அறிமுகமாவதே கசாப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலமாகத்தான்.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் நானும் பதிலுக்கு நாலு கேட்டு, கணக்குத் தீர்ந்திருக்கும். வாயே திறக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான், பழைய ஆணிகளையும் திருகுகளையும் பாட்டில் பாட்டிலாகப் பிரித்துப் போட்டான். தோட்டா ஏற்றும் போல்ட்டை இடப்பக்கம் வைத்துத் தனியாகச் சொல்லிச் செய்த அவனுடைய ரைஃபிள் அலமாரியைவிட்டு வெளியே வரவில்லை. நல்ல மனுஷனின் மௌனம் இருக்கிறதே, கெட்ட மனுஷனின் கூச்சலைவிடப் பொல்லாதது.

நானாக இரண்டு முறை பேச்சை எடுத்தேன். "கைத்துப்பாக்கி சுடலாமே. அதுக்குத் தோளே வேண்டாமே," என்றேன்.

"ஸ்பூன் இருக்குன்னு கறிய ஸ்பூனால வெட்டுவியா?" என்றான்.

"சரி, டாக்டர் சொன்ன மாதிரி வலது தோள்ல வச்சுப் பாரேன்."

"சின்ன வயசுல எங்கப்பன் என்னை அப்படிச் சுட வச்சு, ஒரு வருஷம் பாத்துட்டு விட்டது அது. பெரிய வைக்கோல் கொட்டகை, அதோட சுவத்துல கூட ஒண்ணும் படல."

அக்டோபர் முதல் வாரம், கோஸும் நூடுல்ஸும் வதக்கி வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கிளப் சாவியத் திருப்பிக் குடுத்துடப் போறேன்."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. எங்கள் கிளப்பில் அறுபது உறுப்பினர், அறுபது சாவிகள்தான். அறுபத்தோராவது கிடையாது. ஒருவர் செத்தால் அல்லது கொடுத்தால்தான் வரிசையில் இருக்கும் அடுத்தவருக்குப் போகும். வரிசை ஆறு வருஷ நீளம். கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைக்காது, அது விதி. உயிலில் சாவியைப் பற்றி எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாவியைப் போய் இவன் கொடுக்கிறேன் என்கிறான். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்காக.

வியாழக்கிழமை பள்ளிக்கூடச் சமையலறையில் என் வேலை இரண்டு மணிக்கு முடிந்தது. வண்டியை நேராகக் கிளப்புக்கு விட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சுடுவதில் அப்படி என்ன சந்தோஷம் இருக்கிறது, அது எந்தத் துப்பாக்கியில் அதிகம் இருக்கிறது, தோளை உதைக்காமல் அதே சந்தோஷம் கிடைக்குமா? மருந்துக் கடையில் கேட்பதுபோல் கேட்டு வாங்கி வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

சுடுதளத்தில் நாலு பேர் இருந்தார்கள். மரம் அறுக்கும் மில் வைத்திருக்கும் மெர்வின்தான் கிளப் தலைவர். பல் டாக்டர் கிளைமர் என் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியவர். தபால் கொண்டுவரும் வாண்டா என்னோடு பள்ளியில் படித்தவள். நாலாவது ஆள் லூதர், முன்பு ஸ்கூல் பஸ் ஓட்டியவர், தள்ளி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ரோவீனாவா! வழி தெரியாம வந்துட்டியா?" என்றாள் வாண்டா.

"ஒரு கேள்வி இருக்கு," என்றேன். "நீங்க வாழ்நாள்ல சுட்டதிலேயே எது ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஆயிற்று. ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினார்கள். மெர்வின் தலைவர் என்பதால் முதலில் பேசும் உரிமை தனக்கு என்றார்.

"நாப்பத்தஞ்சு-எழுவது தோட்டா போடுற லீவர் துப்பாக்கி. ஒவ்வொரு தோட்டாவும் என் கட்டைவிரல் தடிமன். மாமனார் வீட்டுப் பழைய துணி துவைக்கிற மெஷின மலையடிவாரத்துல வச்சுச் சுட்டேன். மெஷின் உக்காந்துடுச்சு. நானும் உக்காந்துட்டேன். தோள் இவ்ளோ பெருசா ஊதாவாக் கன்னிப் போச்சு. மூணு நாள் அதத் தொட்டுத் தொட்டுப் பாத்துச் சிரிச்சுட்டே இருந்தேன்."

"வலிச்சதையா சந்தோஷம்ங்கிறீங்க?"

"நீ புள்ள பெத்தவதானே? உனக்குத் தெரியாதா?"

"அதத் தொட்டுத் தொட்டுச் சிரிக்கல நான்," என்றேன். வாண்டா காபியைத் துப்பிவிட்டாள்.

கிளைமர் தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய தாம்சன் இயந்திரத் துப்பாக்கி. அரசாங்கத்துக்கு விரல் ரேகை, போட்டோ, வருஷக்கணக்கில் பொறுமை எல்லாம் கொடுத்து வாங்கியது. "இத யாரும் சிரிக்காம சுட்டு நான் பாத்ததில்லம்மா. போன வருஷம் நம்ம சர்ச் பாதிரியார் சுட்டாரு. சிரிச்சுட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டாரு. யார்கிட்டன்னு தெரியல. வாங்க, நீங்களும் பாருங்க."

சுடுதளத்தில் ஒருவர் தன் துப்பாக்கியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. விருந்துக்குப் போய்ச் சாப்பிடாமல் எழுந்து வருவதற்குச் சமம் அது. காதுமூடியும் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். கிளைமர் முதுகுக்குப் பின்னால் நின்று என் தோளைத் தாங்கிக்கொண்டார். விசையைத் தொட்டேன். ஐந்து தோட்டாதான் போட்டிருந்தார். அவை போய்விட்டன என்று எனக்குத் தெரியும் முன்னாலேயே என் வாயிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது என் சிரிப்பே இல்லை, யாரோ ஒரு பன்னிரண்டு வயசுப் பெண்ணுடையது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எங்க பட்டுச்சு?" என்றேன்.

"பென்சில்வேனியாவுக்குள்ளதான்," என்றார் லூதர்.

"அடிச்சு விளையாடினது போதும், இங்க வா," என்று வாண்டா என்னைப் பக்கத்து மேஜைக்கு இழுத்துப் போனாள். அவளிடம் இருந்தது ஒரே தோட்டா பிடிக்கும், இருபத்திரண்டு என்கிற சின்ன ரக ரைஃபிள். பதினைந்து கஜ தூரத்தில் ஒரு கயிறு கட்டி, துணி மாட்டும் கவ்விகளால் உப்பு பிஸ்கட்டுகளைத் தொங்கவிட்டிருந்தாள். "எனக்கு இதுதான். காகிதத்துல ஓட்டை போட்டு என்ன கண்டோம்? பிஸ்கட்டு பட்டுனு தூளாப் போகும். மிச்சத்தக் குருவி தின்னும். உதையே கிடையாது, பாப்பா கூட சுடலாம்."

இதைத்தானே நான் தேடி வந்தேன்! "இத டெல் இடது தோள்ல வச்சுச் சுடலாமா?"

"கிளப்ல டாக்டர் அவருதான்," என்று கிளைமரைக் காட்டினாள்.

"நான் பல்லு டாக்டர்," என்றார் கிளைமர் அவசரமாக. "டாக்டர் அந்தத் தோளே வேணாம்னா வேணாம்தான்மா. சின்னதுல ஆரம்பிச்சா டெல் பெருசுக்குப் போகாம இருப்பானா?"

அது சரிதான். டெல்லை எனக்குத் தெரியும்.

"முதல்ல உன் கண்ணு எதுன்னு பாப்போம்," என்றாள் வாண்டா. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்னச் சந்து விட்டு, அதன் வழியே தூரத்துக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னாள். இடது கண்ணை மூடினேன். கம்பம் காணாமல் போயிற்று. வலது கண்ணை மூடினேன். கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது.

"உனக்கும் இடதுதான்டீ!"

ஐம்பத்தெட்டு வருஷமாக இந்த இரண்டு கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டில் ஒன்றுதான் எஜமான் என்பது எனக்கே தெரியவில்லை. புருஷனுடைய கண்ணைப் பற்றித் தெரியவில்லை என்று எத்தனை ராத்திரி என்னை நானே பிடுங்கித் தின்றிருப்பேன்! எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கட்டையை இடது தோளில் வைத்தேன். வலது கைப் பழக்கக்காரிக்கு அது சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும் என்று பயந்தேன். ஆனால் கன்னம் கட்டையில் படிந்ததும் முன்குறியும் பின்குறியும் பிஸ்கட்டும் தாமாகவே ஒரு கோட்டில் வந்து நின்றன. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். சுட்ட மாதிரியே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்த்த பிஸ்கட் இல்லாமல் போயிற்று. வெள்ளைத் தூள் கொஞ்சம் காற்றில் நின்றது.

அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். இதையா ஒருத்தனிடமிருந்து பிடுங்கினேன் என்று தோன்றியது.

"அழுதா குறி தெரியாது," என்றாள் வாண்டா. என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "போ, உள்ள போயி கையக் கழுவு. தோட்டாவோட ஈயம் ஒட்டியிருக்கும், கழுவாம எதையும் தொடாத," என்றாள்.

கிளப் அறைக்குள் போனேன். கை கழுவும் தொட்டிக்கு மேலே, காபி மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு அட்டை ஆணியடித்து மாட்டியிருந்தது. எழுத்தைப் பார்த்ததும் சோப்பு கையிலிருந்து நழுவியது. டெல்லின் கையெழுத்து. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்:

"நெஞ்சில் மெஷின் வைக்கப் போகிறவர்கள் கவனிக்க. எந்தக் கை என்றுதான் கேட்பார்கள். எந்தத் தோள் என்று கேட்க மாட்டார்கள். நீங்களாகச் சொல்லுங்கள். உயிர் போகிற மாதிரி இருந்தாலும் சொல்லிவிட்டு மயங்குங்கள்."

கீழே தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

ஈரக் கையோடு வெளியே வந்தேன். "இது என்ன?" என்றேன்.

"அதுவா? எனக்காக எழுதினது," என்றார் லூதர், தன் வலது மார்பைத் தட்டிக்கொண்டு. "எனக்கு மெஷின் வைக்கிற அன்னிக்கு உன் வீட்டுக்காரன் காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணான். 'எந்தத் தோளு, சொல்லு, எந்தத் தோளு'ன்னு மூணு தடவ சொல்ல வச்சான். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நானும் 'சுடுறது இடது தோளு'ன்னு சொன்னேன், மெஷின வலப்பக்கம் வச்சாங்க. அதுக்கப்புறம் கூட்டத்துல அரை மணி நேரம் பேசி, அட்டை எழுதி மாட்டினான். நாங்க எல்லாம், இப்ப அவன் முறை வந்தப்ப மயக்கம் வந்துடுச்சு போல, அதான் சொல்ல முடியலன்னு பேசிக்கிட்டோம். அவனும் இந்தப் பக்கமே வரல, கேக்க முடியல."

மயக்கமா? நான் யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் டெல் தண்ணீர் கேட்டான். டிராக்டர் எஞ்சினை யாராவது அணைத்தார்களா என்று கேட்டான். நான் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருப்பதைக்கூடச் சொன்னான். எல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால்.

அப்படியானால் அவனுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். நான் தப்பாகச் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. ஊருக்கே அட்டை எழுதி மாட்டிய மகராசன் தன் விஷயத்தில் சும்மா இருந்துவிட்டு, நாலு மாதம் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிற்க விட்டிருக்கிறான்.

வீட்டுக்கு நான் வண்டி ஓட்டிய வேகத்தைச் சொன்னால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

டெல் சமையலறை மேஜையில் திருகு பிரித்துக்கொண்டிருந்தான். நான் கைப்பையை மேஜையில் போட்ட வேகத்தில் இரண்டு பாட்டில்கள் கவிழ்ந்தன.

"அன்னிக்கு நீ முழிச்சுட்டுத்தானே இருந்தே?"

அவன் எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை. "இருந்தேன்."

"நான் வலதுன்னு சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டா வாயத் திறக்கல? நாலு மாசம்! நாலு மாசமா நான் செத்துச் செத்துப் பொழச்சுட்டு இருக்கேன், என்னாலதான் என்னாலதான்னு. சர்ச்சுல உக்காந்தா கூட அதே நெனப்பு. நீ இங்க உக்காந்து ஆணி எண்ணிட்டு இருக்கே!"

"உனக்கு அப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது, ரோ. நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன். நான் டிராக்டர்ல விழுந்து உன்னப் பயமுறுத்திட்டேன்னு."

"கோவமா? நானா?"

"நாலு மாசமா நீ என்கிட்ட சரியாவே பேசல."

"நீ பேசல!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்திய லட்சணம் இது.

"சரி. ஏன் சொல்லல? அத மட்டும் சொல்லு."

அவன் குனிந்து சிதறிய திருகுகளைப் பொறுக்கத் தொடங்கினான். காது இரண்டும் சிவந்துவிட்டன. "அதக் கேக்காத."

வெள்ளி கேட்டேன். சனி கேட்டேன். கெஞ்சியும் கேட்டேன், கத்தியும் கேட்டேன். அவனுக்குப் பிடித்த ஆப்பிள் பை செய்து, முதல் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். துண்டைத் தின்று முடித்தான், பதில் சொல்லவில்லை. ஒன்று மட்டும் வாயிலிருந்து வந்தது: "அட்டை எழுதி மாட்டினவன் நான். அவனுங்க முகத்துல எப்படி முழிப்பேன்? சாவியக் குடுத்துட்டு வந்துடறேன், விடு." அப்போதுதான் விளங்கியது. சுட முடியாது என்பதைவிடப் பெரிய முள் இதுதான். லூதரும் மெர்வினும் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும், அதற்குத் தப்பித்துத்தான் அந்த அறுபதில் ஒன்றை விட்டுக் கொடுக்கிறான். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி ஏன் என்று தெரியாமல் அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிறு மதியம் கூட்டம். கிளப் வழக்கப்படி ஆளுக்கொரு பாத்திரம். நான் பீட்ரூட் சாற்றில் ஊறவைத்த முட்டை ஒரு ஜாடி கொண்டுபோனேன். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வரிசையில் அடுத்த ஆளும் வந்திருந்தான். டெல் சாவியைக் கொடுக்கப்போகிறான் என்று எப்படியோ மோப்பம் பிடித்து, புது பூட்ஸ் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றான். ஆறு வருஷம் காத்திருந்தவன், அவனையும் குறை சொல்ல முடியாது.

டெல் எழுந்து முன்னால் போனான். சாவி கையில் இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் லூதர் ஆரம்பித்துவிட்டார். கேலியாகத்தான், அவர் சுபாவம் அது.

"அதெல்லாம் அப்புறம்ப்பா! மொதல்ல எனக்கு ஒரு பதில் வேணும். நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தப்ப என்னை மூணு தடவ ஒப்பிக்க வச்சே. இங்க அட்டை எழுதி மாட்டினே. உன் முறை வந்தப்ப மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மெர்வின்கூட மேஜையைத் தட்டினார். டெல்லின் காதுகள் சிவப்பதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். அவன் சாவியை மேஜைமேல் வைக்கக் கையை நீட்டினான்.

நான் எழுந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை.

"அவனுக்கு அப்ப நினைவே இல்ல!" என்றேன். "கண்ணு செருகிக் கெடந்தான். நான்தான் தப்பாச் சொன்னேன். கேக்கணும்னா என்னக் கேளுங்க."

நாலு மாதமாக எந்தப் பழி என் நெஞ்சைப் போட்டு அழுத்தியதோ, அதை நானே எடுத்து எல்லார் முன்னாலும் தலையில் வைத்துக்கொண்டேன். பொய்ப் பழி என்று தெரிந்த பிறகு அது கனக்கவே இல்லை. வேடிக்கைதான்.

லூதர் "ஐயோ, மன்னிச்சுக்கம்மா" என்று வாயை மூடிக்கொண்டார்.  விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"நினைவு இருந்துச்சு," என்றான் டெல்.

"டெல், உக்காரு," என்றேன்.

"நீ உக்காரு, ரோ." அவன் யாரையும் பார்க்கவில்லை, சுவரில் மாட்டிய மான் தலையைப் பார்த்துச் சொன்னான். "நல்லா முழிச்சுட்டுத்தான் இருந்தேன். எந்தக் கைன்னு நர்ஸ் கேட்டா. இவ என் வலது கைய எடுத்துத் தூக்கி, 'இந்தக் கை, இந்தக் கை'ன்னு காட்டினா. காட்டிட்டு விடல. புடிச்சுட்டே இருந்தா. எனக்கு... செத்துடுவேன்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு. தப்புன்னு சொன்னா, கைய விட்டுட்டு டாக்டரத் தேடி ஓடிடுவாளோன்னு இருந்துச்சு. அதான் சொல்லல."

எனக்கு அப்படிக் கையைப் பிடித்ததாக ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. இந்த மனுஷன் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. பனிப்புயலில் மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்தபோதுகூட, லேசாக வழுக்கிவிட்டது என்றுதான் சொன்னான். அதை முப்பது பேர் நடுவில் நின்று சொல்கிறான். எனக்கு அவன்மேல் பொங்கி வந்தது கோபமா பிரியமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

 கிளைமர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மெர்வின் தன் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தார். கடைசியில் லூதர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"நீயாவது கட்டின பொண்டாட்டி கையப் புடிச்சே," என்றார். "நான் அந்த நர்ஸம்மா கையப் புடிச்சவன் விடவே இல்ல. வேற வேலை இருக்குன்னு அவ கெஞ்சுறா. பேரு கூடத் தெரியாது எனக்கு. டாக்டர் வந்துதான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தாரு."

அந்த அறையில் கிளம்பிய சிரிப்பு ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. டெல்லும் சிரித்தான். சாவியை எப்போது திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டான் என்று நான் கவனிக்கவில்லை. கதவோரத்து ஆள் கவனித்திருக்கிறான்.

"அப்போ சாவி?" என்றான் பாவம்.

"பூட்ஸ பத்திரமா வச்சிரு தம்பி," என்றார் மெர்வின்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாண்டா டெல்லை விடவில்லை. தன் சின்ன ரைஃபிளை மேஜையில் வைத்தாள். அவன் கண்ணாடியின் இடப்பக்கத்தில் காகித டேப் ஒட்டி அந்தக் கண்ணை மறைத்தாள். கட்டையை வலது தோளில் பொருத்தினாள். அறுபத்திரண்டு வயசு மனுஷன், புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி கால் எங்கே கை எங்கே என்று தெரியாமல் நின்றான்.

முதல் தோட்டா கயிற்றுக்கு மேலே போயிற்று. இரண்டாவது மண்ணில். மூன்றாவது எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும். பக்கத்து மேஜையில் நான் இன்னொரு சின்ன ரைஃபிளை இடது தோளில் வைத்து இரண்டு பிஸ்கட்டைத் தூளாக்கினேன். அவன் திரும்பி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

"நீ எப்பக் கத்துக்கிட்டே?"

"வியாழக்கிழமை."

"முழங்கைய இன்னும் உள்ள வை," என்றான். அவனால் சும்மா இருக்க முடியாது. முழங்கையை உள்ளே வைத்தேன். மூன்றாவது பிஸ்கட்டும் போயிற்று.

அவனுக்கு ஏழு, எட்டு, ஒன்பது எல்லாமே தப்பின. பின்னால் லூதர் கூட்டல் கணக்கு மாதிரி உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். பத்தாவதில் பிஸ்கட்டின் ஒரு மூலை மட்டும் உடைந்தது. மிச்சம் கவ்வியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. டெல் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் கேட்காத சிரிப்பு.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "சுட்டதுல எது ரொம்பப் புடிச்சதுன்னு இங்க ஒவ்வொருத்தரையும் கேட்டியாமே. என்னை மட்டும் கேக்கலையே?"

"உன்னக் கேட்டா உண்மையச் சொல்லுவியா?"

"இன்னிக்குத்தானே ஆரம்பிச்சிருக்கேன். கொஞ்சம் பொறு," என்றான். சொல்லிவிட்டு அடுத்த தோட்டாவை எடுத்து, பழகாத பக்கத்திலிருந்து தடவித் தடவி உள்ளே போட்டான்.